கிச்சன் ஷட்டருக்கு ஸ்பிரே: தொங்கவிட்டு அடிப்பதா, படுக்கவைத்து அடிப்பதா?

ஒரு சமையலறைக்கு இருபது ஷட்டர், அதாவது அலமாரிக் கதவு, செய்து வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் முன்பக்கம், பின்பக்கம், நான்கு ஓரம். மொத்தம் நாற்பது முகம், எண்பது ஓரம். பிரைமர் இரண்டு கோட், அதன்மேல் பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்ட் இரண்டு கோட். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் எந்த ஸ்பிரே கன் வாங்கலாம், எந்தக் கம்பெனி பெயிண்ட் நல்லது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது வேறு: ஷட்டரை எப்படி நிறுத்தப்போகிறீர்கள்? மேலே கம்பியில் தொங்கவிட்டா, ஸ்டாண்டில் படுக்கவைத்தா? கை எவ்வளவு வேகமாகப் போகவேண்டும், ஒரு நாளில் எத்தனை ஷட்டர் முடியும், கடைசியில் எவ்வளவு தேய்க்க வேண்டியிருக்கும் என்பதெல்லாம் அதைப் பொறுத்துத்தான் அமையும்.

கோவையில் ஒரு தகரக் கொட்டகையில் பல வருடம் இதே வேலையாக இருந்த அனுபவத்தில் எழுதுகிறேன். 18 மி.மீ. எம்.டி.எஃப். பலகை (மரநாரை அழுத்திச் செய்தது), இறுகவைக்கும் ஹார்ட்னர் கலக்கிற பி.யூ. பெயிண்ட், மேலே கப் வைத்த சாதாரண கன் ஆகியவற்றை மனதில் வைத்துச் சொல்கிறேன். தேக்கு ஷட்டருக்கு நிறமில்லாத கிளியர் அடிப்பதாக இருந்தாலும் நிறுத்தும் முறை இதேதான்.

ஈரமாக இருக்கும் கால் மணி நேரம்

பெயிண்ட் பலகையில் விழுந்து, தூசி ஒட்டாத பதத்துக்கு வரும்வரை ஏறக்குறைய கால் மணி நேரம் ஆகும். கெடுவது எல்லாம் அந்த நேரத்தில்தான் கெடுகிறது. தொங்குகிற ஷட்டரில் பெயிண்ட் கீழ்நோக்கி வழியப் பார்க்கும். படுத்திருக்கிற ஷட்டரில் வழியாது. ஆனால் மேலிருந்து எது விழுந்தாலும் நேராக முகத்தில்தான் விழும். தூசி, பூச்சி, நீங்களே அடித்த ஸ்பிரேயின் புகை, நெற்றி வியர்வை, எல்லாம்.

வழிவதைப் பற்றி ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். செங்குத்தாக நிற்கும் பலகையில் பெயிண்டின் கனம் இரண்டு மடங்கானால், கீழே இறங்கும் பெயிண்டின் அளவு இரண்டு மடங்காகாது, எட்டு மடங்காகும். அதனால்தான் நன்றாக அடித்துக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் மட்டும் கை ஒரு நொடி நின்றால், அங்கே திரைச்சீலைபோல மடிந்து இறங்குகிறது. ஷட்டரின் ஓரத்தில் கன்னைத் திருப்பும்போது விசையை விடாமல் இருந்தால் நடப்பதும் அதுதான்.

ஆகவே படுக்கவைக்கும்போது கையில் வரும் பிழையைப் பலகை தாங்கிக்கொள்ளும். தொங்கவிடும்போது இடத்தில் உள்ள குறையைப் பலகை தாங்கிக்கொள்ளும். உங்களிடம் எது குறைவு, பழகிய கையா, சுத்தமான இடமா? தொடக்கத்தில் எந்த முறையைப் பிடித்துக்கொள்வது என்பதை அதை வைத்து முடிவு செய்யலாம்.

இரண்டுக்கும் பொதுவான முன்வேலை

கீலுக்கான 35 மி.மீ. குழி, கைப்பிடி ஓட்டை எல்லாவற்றையும் பெயிண்டுக்கு முன்பே போட்டுவிடுங்கள். பெயிண்ட் அடித்த எம்.டி.எஃப்.பில் துளை போட்டால் விளிம்பு பெயர்ந்து வரும். அதோடு அந்தக் கீல் குழிதான் பிற்பாடு ஷட்டரைத் தொங்கவிட நமக்குக் கொக்கியாகப் போகிறது.

எம்.டி.எஃப்.பின் ஓரம் பெயிண்டை உறிஞ்சிக் குடிக்கும். முகத்துக்கு இரண்டு கோட் பிரைமர் என்றால் ஓரத்துக்கு மூன்று. ஓரத்தின் கூர்முனையை உப்புத்தாளால் லேசாக உருட்டிவிடுங்கள், இரண்டு மி.மீ. போதும். கூரான விளிம்பில் ஈரப் பெயிண்ட் நிற்காது. பின்வாங்கி அங்கே மட்டும் மெலிந்துவிடும். நாளைக்குத் துடைக்கிற துணி பட்டு முதலில் தேய்வது அந்த இடம்தான். பிரைமருக்கு முன் முதலில் 180 நம்பர் தாள், அடுத்து 240. பிரைமர் காய்ந்தபின் 320, கடைசிக் கோட்டுக்கு முன் 400 நம்பர் தாள்.

தின்னர் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டுக்கான தின்னர் விலை குறைவு என்று அதை பி.யூ.வில் ஊற்றுகிறவர்கள் உண்டு. அதில் ஆல்கஹால் வகைகள் கலந்திருக்கும். அவை ஹார்ட்னரோடு சேர்ந்து அதன் வேலையைக் கெடுத்துவிடும். பெயிண்ட் பல நாளானாலும் நகம் பட்டால் பதிகிற மென்மையிலேயே நிற்கும். பி.யூ.வுக்கு பி.யூ. தின்னர்தான். ஹார்ட்னர் அளவு டப்பாவில் எழுதியிருக்கும். அதைத் தராசிலோ அளவுக் கோப்பையிலோ பார்த்து ஊற்றுங்கள், கண்மதிப்பு வேண்டாம்.

பதம் பார்க்க ஃபோர்டு கப் என்று அடியில் ஓட்டை உள்ள சின்னக் கிண்ணம் கிடைக்கும். நிரப்பி, அடியை விட்டதும் ஒழுகி முடிய எத்தனை நொடி என்று எண்ண வேண்டும். பி4 கப்பில் 18 முதல் 22 நொடி என்றால் பெரும்பாலான பி.யூ.வுக்குச் சரியாக இருக்கும். வடிகட்ட நைலான் வலை வையுங்கள். பழைய வேட்டித் துணியில் வடிகட்டினால் பஞ்சு நூல் உள்ளே போய், முகத்தில் மயிர் மயிராகத் தெரியும்.

கன்னில் டாப் கோட்டுக்கு, அதாவது மேல்பூச்சுக்கு, 1.3 அல்லது 1.4 மி.மீ. நாசில், பிரைமருக்கு 1.8. பலகையைத் தொடும் முன் சுவரில் ஒட்டிய தாளில் அடித்துப் பாருங்கள். கன் முனையைத் திருப்பி, ஸ்பிரே விரிகிற விசிறி குறுக்குவாட்டில் வரும்படி வைத்து, பெயிண்ட் வழியும்வரை ஒரே இடத்தில் அடியுங்கள். வழிகிற கோடுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளத்தில் இறங்கினால் கன் சரியாக இருக்கிறது. ஒரு பக்கம் நீண்டால் முனையில் அடைப்பு. இந்த ஒரு நிமிடச் சோதனை அரை நாள் வேலையைக் காப்பாற்றியிருக்கிறது.

கம்ப்ரசர் தொட்டியில் தேங்கிய தண்ணீரைத் தினமும் காலையில் திறந்துவிடுங்கள். பி.யூ.வில் தண்ணீர் சேர்ந்தால் ஹார்ட்னர் அதோடு வினைபுரிந்து வாயு கிளம்பும். காய்ந்த பரப்பில் கொப்புளமும் ஊசித்துளையுமாக நிற்கும். மழைக்காலத்தில் குழாயில் ஈரம் பிடிக்கும் வடிகட்டி கட்டாயம்.

உடம்பைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், தள்ளிப்போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள். பி.யூ. ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது ஆஸ்துமாவை உண்டாக்கும். ஒரு தடவை உடம்புக்கு ஒவ்வாமல் போனால் அப்புறம் கொஞ்சம் பட்டாலே மூச்சு இறுகும். துண்டைச் சுற்றிக்கொள்வதும் துணி மாஸ்க்கும் இதற்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. வெளியிலிருந்து குழாய் வழியாகச் சுத்தக் காற்று வரும் முகமூடிதான் முழுப் பாதுகாப்பு. அது இயலாதபோது குறைந்தது இரசாயன ஆவியைப் பிடிக்கும் கேட்ரிட்ஜ் வைத்த முகமூடி, முகத்தோடு இடைவெளியில்லாமல் பொருந்துவதாக இருக்க வேண்டும். கேட்ரிட்ஜைக் குறித்த காலத்தில் மாற்றவும் வேண்டும். கையுறையும் கண்ணாடியும் உண்டு. தின்னர் ஆவி தீப்பிடிக்கும். கொட்டகைக்குள் பீடி, அடுப்பு, தீப்பொறி பறக்கிற பழைய ஃபேன் எதுவும் ஆகாது. வேலை கற்றுக்கொடுக்கிற மேஸ்திரி முகமூடி போடாவிட்டாலும் நீங்கள் போடுங்கள்.

தொங்கவிட்டு அடிக்கும் முறை

ஒரு அங்குல ஜி.ஐ. குழாயைக் கொட்டகையின் குறுக்கே கட்டுங்கள். 600க்கு 720 மி.மீ. ஷட்டர் ஒன்றே ஐந்தரை, ஆறு கிலோ இருக்கும். இரண்டு மீட்டர் உயர அலமாரிக் கதவு பன்னிரண்டு கிலோவைத் தாண்டும். பத்து ஷட்டர் தொங்கினால் குழாய் தொய்யக்கூடாது. ஷட்டரின் நடுப்பகுதி உங்கள் நெஞ்சு உயரத்துக்கு வரும்படி கம்பியின் நீளத்தை வைத்துக்கொண்டால் குனிந்து நிமிரும்போது கை கோணாது. இரண்டு ஷட்டருக்கு நடுவில் குறைந்தது இரண்டடி விடுங்கள்.

கொக்கி எங்கே மாட்டுவது? நான் கைக்கொள்வது, உடைந்துபோன பழைய கீல்களைச் சேர்த்து வைத்து, அவற்றையே கீல் குழியில் திருகி, அதன் கையில் கம்பியைக் கட்டித் தொங்கவிடுவது. அது மறைக்கிற இடத்தைப் பிற்பாடு புதுக் கீலும் அப்படியே மறைத்துவிடும். ஒட்டுப்போட எதுவும் மிஞ்சாது. இன்னொரு நன்மையும் உண்டு. பிடிமானம் பின்பக்கம் இருப்பதால், ஷட்டர் நேர்க்குத்தாக நிற்காமல் அடிப்பக்கம் சற்றுப் பின்வாங்கித் தொங்கும். முகம் ஒரு நூலிழை கீழ்நோக்கிப் பார்க்கும். அதனால் தூசி இன்னும் குறைவாகவே உட்காரும். டிராயர் முகப்புக்குக் கீல் குழி கிடையாது. பின்னால் பெட்டியோடு சேர்க்கிற இடத்தில் ஒரு திருகாணியைப் போட்டுக்கொள்ளுங்கள். கீல் குழி இல்லாத வேறு கதவுகளில், கண்ணுக்குப் படாத ஓரத்தில் சின்னக் கொக்கி போடலாம்: மேடைக்குக் கீழே வருகிற கதவுக்கு அடி ஓரம், மேல் அலமாரிக் கதவுக்கு மேல் ஓரம்.

காற்று அழுத்தம் பட்டதும் ஷட்டர் ஊசலாடும். ஆடுகிற பலகைக்கும் கன்னுக்கும் நடுவில் தூரம் மாறிக்கொண்டே இருந்தால் படலம் திட்டுத்திட்டாக விழும். கீழ்ப்பக்கமும் ஒரு கம்பி கட்டி, அதைத் தரையில் வைத்த செங்கல்லோடு இழுத்துப் பிணையுங்கள்.

அடிக்கும் வரிசை இது. முதலில் நான்கு ஓரம், விசிறியைச் சுருக்கிக்கொண்டு. அடுத்து பின்பக்கம். கடைசியாக முன்பக்கம். கன்னுக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக, 15 முதல் 20 செ.மீ. மணிக்கட்டை வளைத்து வீசாதீர்கள். தோளிலிருந்து கை முழுவதும் நேர்கோட்டில் போகட்டும். விசையைப் பலகைக்கு வெளியே அழுத்தி, பலகையைத் தாண்டியபின் விட வேண்டும். மேலிருந்து கீழாக வாருங்கள், ஒவ்வொரு வீச்சும் முந்தையதில் பாதியை மூட வேண்டும்.

முதல் வீச்சு மெல்லியதாக, பலகையின் நிறம் அங்கங்கே தெரிகிற அளவுக்கு. ஐந்து நிமிடம் விட்டுவிடுங்கள். கையுறை விரலால் ஓரத்தைத் தொட்டால் நூல்போல இழுக்க வேண்டும், விரலில் வழியக்கூடாது. அந்த ஒட்டும் பதத்தின் மேல் முழு ஈரக் கோட் அடித்தால் வழியாமல் பிடித்துக்கொள்ளும். இந்த ஐந்து நிமிடத்துக்குப் பொறுமை இல்லாமல்தான் பெரும்பாலானவர்கள் தொங்கவிடும் முறையே சரியில்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

அடித்து முடித்ததும் ஒரு விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். அடி ஓரத்தில் சொட்டு திரண்டிருந்தால் தின்னரில் நனைத்துப் பிழிந்த பிரஷ் நுனியால் தொட்டு எடுத்துவிடலாம். முகத்தில் வழிந்திருந்தால் தொடவே தொடாதீர்கள். விரலால் தடவினால் ஒரு கோட்டுப் பிழை ஒரு சாண் பிழை ஆகிவிடும். நன்றாகக் காயவிட்டு, கட்டை வைத்த 400 நம்பர் தாளால் மேட்டை மட்டும் இறக்கி, 600 போட்டு, மறு கோட் அடியுங்கள்.

கோவையில் ஆடி மாதம் வந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று அம்மியை நகர்த்தாவிட்டாலும் ஷட்டரை நகர்த்திவிடும். அந்தச் சமயத்தில் காற்று வரும் பக்கத்தை ஈரச் சாக்குத் திரையால் மூடி, காலை எட்டு மணிக்கு முன் அடித்து முடிப்பேன்.

படுக்கவைத்து அடிக்கும் முறை

இடுப்பு உயரத்துக்கு ஸ்டாண்ட். அதன்மேல் ஷட்டரை நேராக வைக்கக்கூடாது. கைப்பிடி அகல பிளைவுட் துண்டுகளில் திருகாணியை அடியிலிருந்து ஏற்றி, முனை மேலே நீட்டிக்கொண்டிருக்கும்படி நான்கு துண்டு செய்துகொள்ளுங்கள். ஷட்டர் அந்த முனைகளில் நிற்கும். ஓரத்தின் அடிவிளிம்புவரை ஸ்பிரே போகும், பலகை ஸ்டாண்டோடு ஒட்டாது. ஸ்டாண்டின் மேல்தட்டு சுழல்கிற மாதிரி இருந்தால் இன்னும் நல்லது. நீங்கள் சுற்றி நடந்து தரைத் தூசியைக் கிளப்ப வேண்டியதில்லை.

பின்பக்கத்தை முதலில் அடியுங்கள். அது நன்றாகக் காய்ந்து இறுகியபிறகு திருப்பி முன்பக்கம். அவசரத்தில் அன்றைக்கே திருப்பினால் ஆணி முனைகள் பின்பக்கத்தில் அம்மைத் தழும்புபோலப் பதியும். இந்தக் காத்திருப்புதான் இந்த முறையின் உண்மையான செலவு. தொங்கவிட்டால் ஒரே மூச்சில் முடிகிற இருபது ஷட்டர், இதில் இரண்டு நாளாகும்.

வாசல் தெளிப்பதுபோலத் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்து வேலையை ஆரம்பியுங்கள். நான்கு ஓரத்தையும் அடித்தபின், முகத்தில் உங்களுக்கு அருகில் உள்ள பக்கத்திலிருந்து தொடங்கி எதிர்ப்பக்கம் நோக்கிப் போங்கள். ஸ்பிரேயின் புகை எப்போதும் முன்னோக்கிப் போகும். அது இன்னும் அடிக்காத இடத்தில் விழுந்தால் அடுத்த வீச்சில் கரைந்துவிடும். தலைகீழாக அடித்தால் அடித்து முடித்த ஈரப் பரப்பில் மாவு தூவினாற்போல உட்கார்ந்து சொரசொரக்கும். புகையை இழுக்கிற எக்ஸாஸ்ட் ஃபேன் உங்கள் எதிர்ப்பக்கம்தான் இருக்க வேண்டும்.

மேலே கப் வைத்த கன்னைக் கீழ்நோக்கிச் சாய்க்கும்போது மூடியின் காற்றுத் துளை வழியாகப் பெயிண்ட் சொட்டும். ஈரமான முகத்தில் ஒரு சொட்டு விழுந்தால் அவ்வளவுதான், அந்த ஷட்டர் மறுபடி உப்புத்தாளுக்குப் போக வேண்டியதுதான். கப்பைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். துளையைப் பலகைக்கு எதிர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். கப்பின் கழுத்தில் ஒரு துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

அடித்து முடித்த ஷட்டரை அங்கேயே விடாமல் தட்டு அடுக்குக்கு மாற்றிவிடுவது நல்லது. தட்டுகளுக்கு நடுவில் அரை அடி இடைவெளி. மேல்தட்டு கீழே உள்ளதற்குக் கூரையாகிவிடும்; மேல்தட்டை மட்டும் காலியாக விடுங்கள்.

ஈசல் கதையைச் சொல்லாமல் விடமுடியாது. ஒரு ஐப்பசி மாதம், மதியம் மழை பெய்து நின்றிருந்தது. ஆறு ஷட்டரை படுக்கவைத்துக் கறுப்பு நிறத்தில் பளபளப்பு டாப் கோட் அடித்து முடித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. கன்னைக் கழுவிவிட்டுத் திரும்பினேன். கறுப்பு முகங்களில் நூற்றுக்கணக்கில் இறக்கைகள், சில இறக்கைகளோடு ஈசலும் துடித்துக்கொண்டிருந்தன. ஊசியால் நாலைந்தை எடுத்துப் பார்த்தேன். எடுத்த ஒவ்வொன்றும் ஒரு பள்ளத்தை விட்டுப் போனது. ஆறையும் காயவிட்டு, மூன்றாம் நாள் தேய்த்து, மறுபடி அடித்தோம். அன்று அவற்றின் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்த நான்கு டிராயர் முகப்புகளில் மொத்தமே மூன்று இறக்கைதான். அன்றிலிருந்து மழைக்காலத்தில் நான்கு மணிக்கு மேல் எதையும் படுக்கவைத்து அடிப்பதில்லை. இருட்டிவிட்டால் உள்விளக்கை அணைத்துவிட்டு, வெளியே தூரத்தில் ஒரு பல்பைப் போட்டுவிடுவோம். ஈசல் அங்கே போய்விடும்.

எதற்கு எது

பிரைமரை எல்லா ஷட்டருக்கும் தொங்கவிட்டே அடியுங்கள். எப்படியும் தேய்க்கப்போகிறோம், அதில் சின்ன வழிசல் வந்தாலும் நட்டமில்லை, கையும் பழகும். வேலையில் பாதி நேரம் இதிலேயே மிச்சமாகும்.

டாப் கோட்டில் நான் சொல்வது பலருக்கு எதிர்மாறாகத் தோன்றலாம். மினுக்கமில்லாத மேட் ஃபினிஷ் என்றால் தொங்கவிடுங்கள், பளபளப்பு என்றால் படுக்கவையுங்கள். மேட் ஃபினிஷில் ஒரு தூசி உட்கார்ந்தால் அதைத் தேய்த்து எடுக்க முடியாது. தேய்த்த இடம் மினுங்கித் தனியாகத் தெரியும். அதனால் தூசியைத் தவிர்ப்பதுதான் அங்கே முதல் கவலை. பளபளப்பில் தூசி விழுந்தால் 1500, 2000 நம்பர் தாளில் தண்ணீர் போட்டுத் தேய்த்து, பாலிஷ் காம்பவுண்ட் வைத்து பஃப் அடித்துவிடலாம். ஆனால் அதற்கு மேலே தேய்க்கக் கனம் இருக்க வேண்டும். அந்தக் கனத்தை வழியாமல் வாங்கிக்கொள்வது படுத்திருக்கிற பலகைதான்.

சட்டம் போட்டு நடுவில் பள்ளமாக வரும் ஷட்டரில், தொங்கவிட்டால் கீழ்ச்சட்டத்தின் மேல்விளிம்பில் பெயிண்ட் தேங்கி வழியும். அவற்றைப் படுக்கவைப்பதே நல்லது. உள்மூலைகளில் இரண்டு பக்க வீச்சும் சேர்ந்து இரட்டிப்பாக விழும் என்பதால், மூலையை முதலில் மெலிதாக அடித்துவிட்டு முகத்துக்குப் போங்கள்.

மெட்டாலிக் நிறத்துக்கு மட்டும் விதிவிலக்கே இல்லாத ஒரு விதி. அதில் உள்ள உலோகச் செதில்கள் தொங்கும் பலகையில் ஒரு விதமாகவும் படுத்த பலகையில் வேறு விதமாகவும் படியும். ஒரே டப்பாப் பெயிண்டாக இருந்தாலும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டும்போது நிறம் வேறாகத் தெரியும். ஒரு சமையலறை முழுவதையும் ஒரே முறையில், முடிந்தால் ஒரே கையால் அடியுங்கள்.

முதல் தடவை நேராக வாடிக்கையாளர் ஷட்டரில் கைவைக்காதீர்கள். ஒரே அளவில் இரண்டு வெட்டுத் துண்டுகளை எடுத்து, ஒன்றைத் தொங்கவிட்டு, ஒன்றைப் படுக்கவைத்து, ஒரே கலவையை அடியுங்கள். தொங்குவதில் வேண்டுமென்றே கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போய், எந்த வீச்சில் வழிகிறது என்று பாருங்கள். வழிவதற்கு முந்தைய வீச்சில் பரப்பு எப்படி மினுங்கியது என்பதைக் கண்ணில் பதித்துக்கொள்ளுங்கள். அந்த மினுக்கத்தோடு நிறுத்துவதுதான் பாடம்.

கடைசி வேலை

மறுநாள் தொட்டால் காய்ந்ததாகத்தான் தோன்றும். அதை நம்பி ஒன்றின்மேல் ஒன்று அடுக்காதீர்கள், பாலித்தீன் சுற்றாதீர்கள், செய்தித்தாள் வைக்கவே வைக்காதீர்கள்; எழுத்து பதிந்துவிடும். பி.யூ. முழு வலுவுக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் வேண்டும். அதுவரை ஷட்டர்களைக் குழாயிலேயே தொங்கவிடுங்கள், அல்லது தட்டடுக்கில் தனித்தனியாக வையுங்கள். எடுத்துப் போகும்போது முகத்துக்கு முகம் வைத்து நடுவில் மெல்லிய ஃபோம் தாள். வாடிக்கையாளர் வீட்டில் பழைய கீலைக் கழற்றிப் புதுக் கீலைத் திருகும்போது மின்சார ஸ்க்ரூ டிரைவரைக் கடைசிச் சுற்றுக்குப் பயன்படுத்தாமல் கையால் இறுக்குங்கள். எம்.டி.எஃப்.பில் அதிகமாக இறுக்கினால் திருகாணி பிடியை விட்டுவிடும். கழற்றிய பழைய கீல்களை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள், அடுத்த சமையலறைக்கு வேண்டும்.